பெயிண்ட் அடித்த பம்ப்

வாளி நிரம்ப இருபது விநாடி ஆயிற்று. கணக்குப்படி பத்துதான் ஆகவேண்டும். பேராசிரியை கரும்பலகைக்குப் போய் மூன்றாம் முறையாகப் போட்டுப் பார்த்தாள். பத்துதான் வந்தது.

பன்னிரண்டு வருடமாகப் பம்ப் பாடம் நடத்துகிறவள் அவள். புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண் சொல்லுவாள். ஆனால் ஒரு பம்ப்பையும் தொட்டதில்லை. படித்த காலத்தில் செய்முறை வகுப்பில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, பக்கத்திலிருந்தவளின் நோட்டிலிருந்து அளவுகளை எழுதிக்கொண்டதோடு சரி. இந்த வருடம் கல்லூரிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, இனி எல்லாரும் கையால் செய்து பார்த்துத்தான் படிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அவளுக்கு வாய்த்தது நான்கு மாணவிகளும், பழைய இரும்புக்கடையிலிருந்து அவர்கள் தூக்கிவந்த இந்தப் பம்ப்பும். தன் குட்டு எப்போது உடையுமோ என்று தினமும் பயந்துகொண்டுதான் வகுப்புக்கு வந்தாள்.

"பம்ப் பழசு மேடம். உள்ள தேஞ்சிருக்கும்," என்றாள் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் மற்ற மூவரும் அவளுக்கு வைத்த பெயர். "அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடலாம். மூணு மணிக்கு ஹெச்.ஓ.டி. பார்க்க வந்துடுவார்."

எழுதலாம்தான். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தண்ணீர் சரிபாதியாகக் குறைந்தது பேராசிரியையைப் போட்டுக் குடைந்தது. தேய்ந்த பொருள் இவ்வளவு ஒழுங்காகவா தேயும்? வருடா வருடம் வகுப்பில் எழுதச் சொல்லும் வரி ஒன்று நினைவுக்கு வந்தது. எதிர்த்திசையில் சுழன்றாலும் இவ்வகைப் பம்ப் தண்ணீர் தரும், ஆனால் குறைவாக.

"எந்தப் பக்கம் சுத்தணும்னு பம்ப் மேல ஒரு அம்புக்குறி இருக்கணுமே. எங்க அது?"

நால்வரும் குனிந்து பம்ப்பைச் சுற்றித் தேடினார்கள்.

"பாக்கப் பளிச்சுனு இருக்கட்டும்னு ரெண்டு கோட் நீலம் அடிச்சுட்டோம் மேடம்," என்றாள் வக்கீல், வாதாட ஒன்றும் இல்லாமல்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள். அம்பு இடப்பக்கம் காட்டியது. பம்ப் ஓடியதோ வலப்பக்கம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பன்னிரண்டு வருடமாக வாயால் சொன்னதை முதன்முதலாக இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள்.

"மோட்டாருக்குப் போற மூணு வயர்ல ரெண்ட மாத்திப் போட்டா சரியாயிடும்," என்றாள். மின்சாரத்தை அணைத்தார்கள். வக்கீல் மோட்டாரின் மூடியைத் திறந்துவிட்டு ஸ்பேனரை அவளிடம் நீட்டினாள்.

"நீங்களே மாத்துங்க மேடம். கண்டுபிடிச்சது நீங்கதானே."

போன் வருகிறது என்று நகரலாம். இத்தனை வருடமும் அப்படி நழுவியே காலத்தை ஓட்டியவள்தான். இன்று அப்படிச் செய்ய வெட்கமாக இருந்தது. ஸ்பேனரை வாங்கி நட்டில் பொருத்தினாள்.

"நான் இதுவரைக்கும் ஒரு நட்டக்கூட கழட்டினதில்லம்மா," என்றாள். "எந்தப் பக்கம் திருப்பணும்?"

யாரும் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த நான்கு வலக்கைகள் காற்றில் எழுந்து, சேர்ந்தாற்போல் இடப்பக்கம் திரும்பின.