காப்புக் கட்டிய கை

சைக்கிளில் யாழ்ப்பாணம் போவது என் யோசனை. பதுளையில் ஆறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவன், எல்லாரையும் போல பஸ்ஸில் போய் இறங்குவதா? கூட வருகிறேன் என்றான் ரஜீவ். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மலையேற்றத்தில் சைக்கிள் மிதித்து, என் கோபத்தையும் தாங்கிக்கொண்ட ஒரே ஆள். இனி எப்போது சேர்ந்து ஓடுவோம் என்று இருவருக்கும் தெரியாது.

விடிந்ததும் பதுளை ஸ்டேஷன் முன்னால் வந்து நின்றான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கோத்த நூல் ஒன்று இருந்தது.

"நேத்துக் கோயில்ல காப்புக் கட்டினாங்க மச்சான். மழையால திருவிழாவத் தள்ளி வச்சாங்க. அது வந்து நம்ம லீவுல விழுந்துருச்சு."

எனக்கு விஷயம் தெரியும். தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே சுற்றினாலும் பொழுதுபட வீட்டில் நிற்க வேண்டும். நாங்களோ அன்றிரவு நுவரெலியாவில் அறை சொல்லி வைத்திருந்தோம்.

நேர்த்தி வைத்தது அவன் மனைவி கலாராணி. போன வருடம் அவர்களுடைய மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இவன் தீச்சட்டி எடுப்பான் என்று இவனைக் கேட்காமலே அம்மனிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இவனுக்கும் அவளுக்கும் காப்புக் கட்டியாயிற்று.

"பிறகு எப்பிடியடா வாறாய்?"

"தீச்சட்டி கடைசி நாள்தானே. அதுக்குள்ள பஸ்ல வந்துருவேன்."

"கலா என்ன சொன்னவ?"

"ஒண்ணும் சொல்லல. ரொட்டி சுட்டுக் குடுத்துச்சு."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவானோ என்று பயம்.

ஹாலிஎல தாண்டியதும் அவனுடைய பின் டயரில் காற்றுப் போயிற்று. ஒட்டினோம். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் போயிற்று. பிறகு மழை. வளைவொன்றில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. இயந்திரம் வந்து அள்ளும்வரை பொறுமையில்லாமல், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நான்தான் முதலில் இறங்கினேன். அந்தப் பக்கம் ஏறி மிதித்ததும் என் சங்கிலி அறுந்தது. அதையும் கோத்துப் பூட்டினோம். ஒவ்வொரு முறையும் ரஜீவ் வாய் திறக்காமல் மணிக்கட்டைப் பார்த்தான்.

"டயருக்கும் நூலுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாமத்தானே கொல்லுறாய்."

நான் ஒன்றும் சாமி கும்பிடாதவன் இல்லை. நல்லூர்த் தேருக்கு லீவு போட்டுவிட்டு ஓடுகிற ஆள்தான். ஆனால் அடுத்தவனுடைய சாமி நம் பயணத்துக்குக் குறுக்கே வரும்போது மட்டும் நமக்கு எங்கிருந்தோ பகுத்தறிவு வந்துவிடுகிறது. வழி நெடுக அதை அவனுக்கு ஊட்டிக்கொண்டே போனேன். அவன் கேட்டுக்கொண்டே மிதித்தான்.

வெலிமடையை அடைந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. நுவரெலியா ஏற்றம் அப்படியே மிச்சமிருந்தது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவன் வீட்டுக்கு போன் எடுத்தான். எடுத்தது கலா இல்லை, பக்கத்து வீட்டுப் பெரியாயி. சத்தமாகப் பேசுகிறவள், எனக்கும் கேட்டது.

"கலா இல்லப்பா. பிள்ளையையும் போனையும் எங்கிட்டக் குடுத்துட்டு, பைய எடுத்துகிட்டுப் போயிருச்சு."

"எங்க போச்சு?"

"கேட்டேன், சொல்லல. நாளைக்கு வந்துருவேன்னு மட்டும் சொல்லுச்சு. காப்பக் கட்டிகிட்டு இப்படிப் போகலாமா? நீயாவது சொல்லக் கூடாதா?"

அவன் தேநீரைத் தொடவில்லை. "கோவிச்சுகிட்டுப் போற ஆளில்ல மச்சான் அது," என்றான். "அதான் பயமா இருக்கு."

பகுத்தறிவு எல்லாம் அதோடு சரி. கடைக்கு வெளியே லீக்ஸ் ஏற்றி முடித்து நின்ற லொறிக்காரரிடம் ஓடினேன். ஸனூஸ் என்று பெயர். பதுளைச் சந்தைக்குத்தான் போகிறாராம். "சைக்கிள மேல போடுங்க தம்பி, ஏறுங்க," என்றார். அவனை மட்டும் அனுப்பிவிட்டு நான் தொடர்ந்து போயிருக்கலாம். மனதில் அதுவும் வந்தது. ஆனால் அந்த முகத்தைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சரிந்த மண்ணை அதற்குள் அள்ளி முடித்திருந்தார்கள். நாள் முழுக்க உயிரைக் கொடுத்து ஏறிய மலையை லொறி கொஞ்ச நேரத்தில் இறங்கியது.

தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில், பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் தோட்டத்துப் பெயர்ப் பலகை. அதுதான் எல்லை. தரிப்பிடத்து வாங்கில் மடியில் பையோடு கலாராணி உட்கார்ந்திருந்தாள்.

ரஜீவ் லொறி நிற்குமுன் குதித்தான். "இங்க என்ன செய்ற?"

அவள் எழுந்துகொண்டாள். எங்களை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"டவுன்ல அக்கா வீட்டுக்குப் போகலாம்னு வந்தேன். பஸ் ரெண்டு போயிருச்சு. பிள்ளைய விட்டுட்டு ஏற கால் வரல."

"எதுக்குப் போகணும்? காப்புக் கட்டியிருக்கியே."

"நீங்களும்தானே கட்டியிருக்கீங்க." குரலில் கோபமே இல்லை. "போகாதீங்கன்னு எப்படிச் சொல்றது? கூட்டாளி ஊருக்குப் போறாரு, நீங்க எத்தன நாளா ஆசப்பட்டீங்க. நேந்துகிட்டதும் நான்தான். உங்களக் கேக்கவா செஞ்சேன்? நீங்க ராத்தங்கினா குத்தம் உங்க ஒருத்தர் தலையில விழும். ஒருத்தர் தாங்காம அது பிள்ளை பக்கம் போயிருச்சுன்னா? அதான், நானும் வெளிய தங்கிட்டா பாதிய நான் வாங்கிக்கலாம்னு வந்தேன்."

ரஜீவ் அவள் கையிலிருந்த பையை வாங்கினான். அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அந்த நூலோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். இவளோ அதை நம்பி நடுங்கிக்கொண்டே, அதற்கு எதிராக ரோட்டைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படி எனக்காக எல்லை தாண்டி வர ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அண்ணே, உங்க பயணம் கெட்டுப்போச்சே," என்றாள் என்னிடம்.

"இல்லை தங்கச்சி," என்றேன். "பொழுதுபடப் போகுது. கெதியா வீட்ட போங்கோ."

ரஜீவின் சைக்கிளை இறக்கிக் கொடுத்ததும் இரண்டு பேரும் ரோட்டைக் கடந்தார்கள். நான் லொறியில் ஏறி, சந்தைக்குப் போகலாம், அங்கிருந்து ஊர் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று ஸனூஸிடம் சொன்னேன்.