உமிச் சாம்பலில் ஆறாத பட்டை

கோட்டக்குப்பத்து ஜெகபர் அலி திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை போட்டபோது, அவர் மனைவி பல்கீஸ் பீவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் குவைத்துக்குப் போகக் கூடாது. கோட்டக்குப்பத்தில் பாதிப் பெண்கள் புருஷன் முகத்தைப் போட்டோவில் காட்டித்தான் பிள்ளை வளர்த்தார்கள். அவளும் அப்படி இருந்து பார்த்துச் சலித்துப்போயிருந்தாள். ஜெகபரும் சத்தியம் செய்துகொடுத்தார். சத்தியம் செய்வது லேசு, பட்டறைக்கு வேலை வர வேண்டுமே! குவைத்தில் மணற்காட்டு வண்டிகளுக்குப் பம்பர் கட்டிப் பேர் வாங்கிய கை, இங்கே ஜன்னல் கம்பியும் தண்ணீர்க்குடத்து ஸ்டாண்டும் பற்றவைத்துக்கொண்டு கிடந்தது.

அந்த நேரத்தில்தான் பெருமுக்கல் பாண்டுரங்கன் வந்தார். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. தினமும் பெருமுக்கல்லிலிருந்து திண்டிவனத்துக்கு ஆள் ஏற்றுவார், மல்லாட்டைக் காலத்தில் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு நிலக்கடலை மூட்டை அடிப்பார். ஜீப்பில் எத்தனை பேர் போகலாம் என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருந்தது, பாண்டுரங்கன் வேறு கணக்கு வைத்திருந்தார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் பின்னால் தொங்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் நிற்க வாகாக ஒரு படி வேண்டும், கல் குவாரிப் பாதையில் ஏறி இறங்கினால் மண்ணில் இடிக்காமல் இருக்க வேண்டும், டிரெய்லர் இழுக்கக் கொக்கி வேண்டும். எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு பின் பம்பர் செய்ய முடியுமா என்று கேட்டார்.

முடியுமாவா? ஜெகபர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைய ஆரம்பித்துவிட்டார். நீளமாக ஒரு இரும்புச் சேனல், அதன் மேல் கால் வழுக்காத சொரசொரப்புத் தகடு. மேட்டில் ஏறும்போது தட்டாதபடி இரண்டு முனையையும் மேலே தூக்கி வரைந்தார். நடுவில் கொக்கி. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பம்பரைப் பிடித்து நிறுத்த இரண்டு பக்கமும் இரண்டு தாங்கிகள். அதற்கு லாரி ஸ்பிரிங் பட்டைதான் சரி என்று முடிவு செய்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. வெல்டிங் அடித்தால் சூட்டை மெள்ள மெள்ளத்தான் இறக்க வேண்டும். ஜெகபர் அரிசி மில்லில் உமிச் சாம்பல் வாங்கிவந்து குவித்து, அதற்குள் புதைத்துவைத்து, மறுநாள்தான் எடுப்பார். அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அது இரும்பாக இருக்காது, கண்ணாடியாகிவிடும். இது அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை இடப்பக்கத் தாங்கியைப் பற்றவைத்துச் சாம்பலில் புதைத்தார். வலப்பக்கத்தில் கை வைக்கப் போகும்போது கரண்டு போய்விட்டது. போன கரண்டு வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது. வலப்பக்கத்தை அடித்து முடித்து நிமிர்ந்தால், வாசலில் பாண்டுரங்கன் மாலை, எலுமிச்சம்பழம், சூடத்தோடு நிற்கிறார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வண்டி பட்டறையை விட்டு வெளியே நிற்க வேண்டும் என்கிறார்.

ராத்திரி வரைக்கும் ஆறட்டும் என்று ஜெகபர் கெஞ்சிப் பார்த்தார். ராகுகாலம் கழிந்தால் பாய் ஜும்மாவுக்குப் போய்விடுவார், அப்புறம் பொழுது சாய்ந்துவிடும், நாளைக்கு நாள் நன்றாக இல்லை என்று பாண்டுரங்கன் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், இன்றைக்கு ஆகாதென்றால் விட்டுவிடு, விழுப்புரத்தில் பண்ணிக்கொள்கிறேன் என்றார். அது ஜெகபருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஜீப்பின் கிளீனர் கண்ணையன் அதற்குள் வாளி நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்துவிட்டான். நாற்பது வயதுக்காரன், வாய் சும்மா இருக்காது.

"இன்னா பாய், பொண்ண கட்டிக் குடுக்கிறவனாட்டம் பாத்துகினு நிக்கிற? ஜல்தி ஊத்து."

ஜெகபர் ஊற்றினார். ஆவி கூரை வரைக்கும் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் டிக்கென்று ஒரு சின்னச் சத்தம் அவர் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு விழவில்லை. அவர் பெயிண்ட் அடித்தார், போல்ட் முடுக்கினார். பாண்டுரங்கன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு, நல்ல நேரத்தில் வண்டியை எடுத்துப் போனார்.

ஐயோ, அந்தப் பம்பருக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது! பெருமுக்கல்லில் கூட்டம் கூடிப் பார்த்தது. குவைத் பாய் பம்பர் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. விழுப்புரத்து ஜீப்காரர் சீனுவாசன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தன் வண்டிக்கும் அப்படியே வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பல்கீஸ் பீவி பாஸ்போர்ட்டைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டு, அதன் மேல் துணிமணி அடுக்கிவிட்டாள்.

மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்த சமயம், ஒருநாள் ஜீப் பட்டறை வாசலில் நின்றபோது ஜெகபர் குனிந்து பார்த்தார். வலப்பக்கத் தாங்கியில், வெல்டிங்குக்குப் பக்கத்தில், பெயிண்டில் மயிர் கனத்துக்கு ஒரு கோடு. கோட்டிலிருந்து துரு கசிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், கோடு போகவில்லை.

உடையப் போகிறது, இறக்கு என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சீனுவாசன் காதுக்குப் போகும், பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பயம் வாயைக் கட்டிப்போட்டது. இன்னும் பலமாக இருக்கட்டும், ஒருநாள் வண்டியை விடுங்கள், மேலே ஒரு தகடு வைத்துத் தருகிறேன் என்று மட்டும் பாண்டுரங்கனிடம் சொன்னார். பாண்டுரங்கன் சிரித்தார். யானை ஏறினாலும் தாங்குகிறது, அதற்கு இன்னும் என்ன பலம், மல்லாட்டை முடியட்டும் என்றார்.

கண்ணையன் எப்போதும் நிற்பது அந்த வலப்பக்க மூலையில்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இடப்பக்கம் நில்லேன் என்றார் ஜெகபர்.

"ரைட்ல நின்னாத்தான் டிரைவரு கண்ணாடில நான் தெரிவேன், பாய். உனுக்கு இன்னா இன்னிக்கி என்மேல இவ்ளோ பாசம்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் தினமும் ஜீப் வரும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் மூலையைப் பார்ப்பார். கண்ணையன் நிற்பான், கையாட்டுவான். இவர் மூச்சு விடுவார். இப்படியே நாள் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை, மூட்டையும் ஆளுமாக ஜீப் விழுப்புரத்துக்குக் கிளம்பியது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வலப்பக்கத் தாங்கி முறிந்தது. பம்பரின் அந்த முனை தார் ரோட்டில் இடித்துத் தீப்பொறி பறந்தது. இடப்பக்கம் நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள். கண்ணையன் நடு ரோட்டில் விழுந்தான். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் அடித்தும் வண்டி நிற்கவில்லை. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

ஜெகபர் பட்டறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அடிக்க வருவார்கள், போலீஸ் வரும் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. சில நாள் கழித்துப் பாண்டுரங்கன்தான் வந்தார், உடைந்த பம்பரை ஜீப்பில் போட்டுக்கொண்டு. திரும்பப் பற்றவைத்துக் கொடு என்றார்.

"உன் வேலைல ஒரு கொறயும் இல்ல, பாய். நல்ல நேரத்துல எடுத்தோம், இத்தினி நாளா நின்னுச்சி. அன்னிக்கி ராகுகாலத்துல கெளம்பிட்டோம். எல்லாம் அவன் பொண்டாட்டியால."

நடந்தது இதுதான். அன்றைக்கு ஜீப் நகர்ந்த பிறகு, கண்ணையன் பெண்டாட்டி சின்னபொண்ணு, கேப்பைக் கூழ்த் தூக்கை மறந்துவிட்டுப் போகிறானே என்று பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டிருக்கிறாள். வண்டியை நிறுத்தி, அவன் இறங்கிவந்து வாங்கிக்கொண்டு ஏறுவதற்குள் ஏழரை அடித்துவிட்டது. போகிறவனைப் பின்னால் கூப்பிட்டது ஒன்று, ராகுகாலத்தில் கிளம்ப வைத்தது இன்னொன்று. ஊருக்கு இது போதாதா? கண்ணையனின் அம்மா கெங்கம்மாள், நீ கூப்பிட்டுத்தான் எமன் திரும்பிப் பார்த்தான் என்று மருமகளைத் தினமும் கரித்துக்கொட்டுகிறாளாம். அந்தப் பெண் சோறு தண்ணீர் இல்லாமல் மூலையில் கிடக்கிறாளாம், வாயைத் திறந்து அழவும் இல்லையாம். சீனுவாசன் பம்பர் எப்போது ஆகும் என்று கேட்டார் என்பதையும் பாண்டுரங்கன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெகபர் உடைந்த தாங்கியைத் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்துத் துரு ஏறியிருந்தது. அது பழைய விரிசல். ஓரத்தில் விரல் அகலத்துக்குத்தான் புதிதாக, சர்க்கரை போல் பளபளத்தது. இத்தனை நாளும் கண்ணையனின் உயிரைத் தாங்கியது அந்த விரலகலம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டறை பிழைத்துக்கொள்ளும். பழி போட ஒரு பெண்ணும் ஒரு ராகுகாலமும் தயாராக இருந்தன. இரண்டு நாள் அவரும் மூடிக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் நாள் தொழுகையில் நின்றபோது, ஓதிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

கருமாதி அன்று பட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெருமுக்கல் போனார். பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாண்டுரங்கனும் இருந்தார். சின்னபொண்ணு சுவரோரம் சுருண்டிருந்தாள். ஜெகபர் நேராக அவளிடம் போய், சாக்கைப் பிரித்துப் பட்டையைக் கீழே வைத்தார். உமிச் சாம்பலையும் தண்ணீரையும், காதில் விழுந்த சத்தத்தையும், கண்ணில் பட்ட கோட்டையும், சொல்லாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வாயை மூடு பாய் என்று பாண்டுரங்கன் எழுந்துவந்தார். அவசரப்படுத்தியவர் அவர்தானே.

சின்னபொண்ணு துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் கூப்ட்டதால இல்லியா?"

"இல்லம்மா. நீ கூப்டலன்னாலும் அது ஒடஞ்சிதான் இருக்கும். இது ஒடஞ்சதுக்கும் உனுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தறப்ப அவரும் அங்கதான இருந்தாரு? யாரு மொண்டாந்தது?"

பாண்டுரங்கன் ஜெகபரைப் பார்த்தார். அந்த வாளி யார் கையில் இருந்தது என்று இவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"நான்தான் மொண்டாந்தேன்" என்றார் ஜெகபர். " அவன் வாணாம் பாய்னு சொன்னான்மா. நான்தான் கேக்கல."

பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். சின்னபொண்ணு அப்போதுதான் வாயைத் திறந்து, ஊரே கேட்கும்படி அழுதாள். கெங்கம்மாள் எழுந்துவந்து மண்ணை வாரி ஜெகபர் முகத்தில் இறைத்தாள். உன் கை அழுகிப்போக, உன் பெண்டாட்டி தாலியறுக்க என்று, இத்தனை நாள் மருமகளுக்குக் கொடுத்ததையெல்லாம் அவருக்குக் கொடுத்தாள். அவர் நகரவில்லை. அவள் கை ஓய்கிற வரைக்கும் நின்று வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சட்டை மண்ணைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். பட்டறையை இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தகரப்பெட்டியில் பாஸ்போர்ட்டின் மேல் இருக்கும் துணிமணியை எடுத்து வை என்று பல்கீஸிடம் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் திண்டிவனம் வரும்வரை அவருக்குத் தெரியவில்லை.