அடுத்தவர் நிம்மதி

ஃபின்லாந்தின் லாஹ்தி நகரத்தில், ஏரியைப் பார்த்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தார்மோ குடியிருந்தார். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். மழை வருமா என்று தெருவில் கேட்ட ஒருவருக்கு நிகழ்தகவை விளக்கத் தொடங்கி, அந்த மனிதர் தொப்பலாக நனைந்து சளி பிடித்து வீடு போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கிக்கொண்டிருந்தவர் என்று கட்டடத்தில் அவருக்குப் பெயர்.

மனைவி ஹில்க்கா இறந்த பிறகு அந்த விளக்கத்தைக் கேட்கவும் ஆள் இல்லை. கடையில் பில் போடும் இயந்திரம் 'நன்றி, மீண்டும் வருக' என்று சொன்னால், "கட்டாயம் வர்றேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு வருவார். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியம் அதுதான். உலகத்திலேயே மகிழ்ச்சியான நாடு நம் நாடு என்று ஆண்டுதோறும் பேப்பரில் போடும்போது அவர் கோபப்படுவதில்லை. சராசரி என்றால் அப்படித்தான். தன் பங்கை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை சனிக்கிழமை சவுனா. கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அந்த ஆவிக்குளியல் அறைக்கு வீட்டுக்கு வீடு தனி நேரம் உண்டு. சனிக்கிழமை மாலை மட்டும் ஆண்களுக்குப் பொது நேரம். யாரும் வரலாம், கூடி உட்காரலாம். ஹில்க்கா இருந்தபோது, "போங்க, போய் நாலு மனுஷ முகத்தைப் பாருங்க, சுவரையே பார்த்துச் சுவராவே ஆயிட்டீங்க" என்று துண்டைத் தோளில் போட்டுத் துரத்துவாள்.

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் துண்டும் கையுமாக இறங்குவார். அடித்தளத்தில் சவுனா கதவுக்குக் கீழே வெளிச்சம் கோடாகத் தெரியும். அடுப்புக் கல் சூடேறி 'டக் டக்'கென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே யாரோ இருக்கிறார். நிம்மதியாக, அமைதியாக, தனியாக. ஃபின்லாந்துக்காரன் தனிமையை எவ்வளவு விரும்புகிறவன் என்பது உலகத்துக்கே தெரியுமே! அந்த நிம்மதியில் போய் மூக்கை நுழைப்பதா? தார்மோ மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, திருட வந்தவன் போலத் திரும்பிப் படியேறுவார். வீட்டுக்கு வந்து, சவுனாவில் குளித்தது போலத் தலையை நனைத்துக்கொண்டு, ஒரு சாசேஜை வாட்டித் தின்றுவிட்டுப் படுப்பார். வசந்தம் போய்க் கோடை போய் நவம்பர் வந்தும் இதே கதைதான்.

நவம்பரில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. தலைவி ரைலி முன்னாள் தலைமை நர்ஸ். அவர் "மூச்சை இழுங்க" என்றால் சுவரில் மாட்டிய படமும் இழுக்கும். காபியும் ஏலக்காய் பன்னும் கொடுத்து எல்லோரையும் உட்கார வைத்தார்.

"விஷயத்துக்கு வர்றேன். சனிக்கிழமை சவுனா. வசந்தத்துல அடுப்புக்கும் விளக்குக்கும் டைமர் போட்டோம். சாயங்காலம் ஆனா தானா எரியுது. ஆனா தண்ணி மீட்டர் அன்னிக்கு ஒரு சொட்டுக்கூட நகரல. ஒரு ஆளும் உள்ள போகல. கரண்ட் தண்டம். மூடிட்டு சைக்கிள் நிறுத்துற இடமா மாத்திடலாமா?"

தார்மோவின் தொண்டையில் பன் நின்றது. டைமரா? அப்படியானால் இத்தனை மாதமும் கதவுக்குப் பின்னால் யாருமே இல்லையா? வெறும் விளக்குக்கும் கல்லுக்குமா அவர் மரியாதை கொடுத்து விலகிப் போனார்?

"தார்மோ, நீங்க எண்ணு படிச்சவர். நீங்க சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் ரைலி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஹில்க்கா போனதிலிருந்து ஒரு அறை முழுக்க ஆட்கள் அவரைப் பார்த்தது அன்றுதான். 'எனக்கு வேணும்' என்ற இரண்டு சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒரே ஒருவனின் ஆசையைத் தரவு என்று சொன்ன மாணவர்களையெல்லாம் ஃபெயில் ஆக்கியவர் ஆயிற்றே! தன்னைக் கணக்கிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"யாரும் வர்றதில்ல. வேணும்னா வந்திருப்பாங்க. யாருக்கும் வேண்டாம். எண்ணு அதைத்தான் சொல்லுது."

"யாராவது எதிர்ப்பு?" என்றார் ரைலி.

இரண்டாம் மாடி இல்மோ தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். ஆயுள் முழுக்க மனிதர்களின் கடைவாய்ப் பல்லைத் தவிர வேறெதையும் நேராகப் பார்த்தறியாத பல் டாக்டர் அவர். 'ஓட்டுநரோடு பேசாதீர்' பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஹெய்மோ ஜன்னலைப் பார்த்தார். தீர்மானம் நிறைவேறியது. வரும் சனிக்கிழமைதான் கடைசி.

கடைசி நாள் தார்மோ தைரியமாக இறங்கினார். வெறும் அறைதானே, யாருக்கு என்ன தொந்தரவு? கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, முன்னறையில் துணியைக் களைந்து, மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தார். கல்லில் தண்ணீர் ஊற்றினார். கிளம்பிய ஆவியில் ஒரு யானையை அவித்திருக்கலாம். காது மடல் எரிந்தது. பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. அதைப் பார்க்காமலிருக்கத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை தலையை நனைப்பதற்குக்கூட ஒரு காரணம் இருக்காது.

அப்போது வெளியே நடைபாதையில் 'சரக் சரக்' என்று செருப்புச் சத்தம். கதவுக்கு நேரே வந்தது. நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மனிதர் நிற்பது ஆவிக்குள்ளும் கேட்டது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, திருடன் போலத் திரும்பிய காலடி.

அந்த நடை தார்மோவுக்குத் தெரியும். அது அவருடைய நடை! இவ்வளவு நாளும் அவரே நடந்த நடை!

ஆயுள் முழுக்கப் படித்த புள்ளியியல் மொத்தமும் ஒரு நொடியில் ஆவியாகப் போயிற்று. உடம்பில் நூலிழை இல்லாமல், வேகவைத்த இறால் நிறத்தில், இரண்டு கதவுகளையும் இடித்துத் திறந்துகொண்டு நடைபாதையில் பாய்ந்தார்.

"நில்லுங்க!"

படியில் ஒரு காலை வைத்திருந்த இல்மோ, துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போலீஸ் பிடித்ததுபோல் நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க. உள்ள ஆள் இருக்கறது தெரியாம வந்துட்டேன். நீங்க நிம்மதியா குளிங்க."

"எனக்கு நிம்மதி வேண்டாம்யா!" தார்மோவின் கத்தலில் ஏரி வாத்துகள் பறந்திருக்கும். "எத்தனை வாரமா இப்படி வந்துட்டுத் திரும்பிப் போறீங்க?"

இல்மோ தரையைப் பார்த்தார். "வசந்தத்துலேருந்து. எப்பவும் விளக்கு எரியும். நீங்கதான் உள்ள இருக்கீங்கன்னு நினைச்சேன். மனைவியை இழந்தவர், தனியா இருக்கட்டும்னு..."

"அப்புறம் கூட்டத்துல ஏன் வாயைத் திறக்கல?"

"எண்ணு படிச்சவர் நீங்க. யாருக்கும் வேண்டாம்னு நீங்களே சொன்னீங்க. நான் ஒருத்தன்தான் அசடுன்னு நினைச்சுட்டேன்."

மாடிப்படித் திருப்பத்தில் இன்னொரு துண்டு தெரிந்தது. துண்டுக்கு மேலே ஹெய்மோவின் முகம்.

"ரெண்டு பேரும் பேசிட்டிருக்கீங்க போல," என்றார் அவர். "நான் அப்புறமா வர்றேன்."

"அப்புறம்னு ஒண்ணு கிடையாது, ஹெய்மோ! இன்னிக்குத்தான் கடைசி. இறங்கி வாய்யா!"

மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பலகையில் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பிறகு ஹெய்மோ, "தண்ணி ஊத்தலாமா?" என்றார். "ஊத்துங்க," என்றார் இல்மோ. அந்தச் சவுனாவுக்குள் அந்த ஆண்டு நடந்த மிக நீளமான உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

"ரைலிகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார் ஹெய்மோ. "எனக்குப் பயம். ஒரு தடவை எனக்கு ஊசி போட்டிருக்காங்க."

"மூடச் சொன்னது நான். நானே போறேன்." இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு தார்மோ அப்படியே படியேறினார். மூன்றாம் மாடிவரை ஈரக்கால் தடம். ரைலி வீட்டு மணியை அழுத்தினார். முதுகிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்த ரைலி ஒரு அடி பின்வாங்கினார். "தார்மோ! தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல." பற்கள் கிட்டின. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மீட்டர் சரி, நான்தான் தப்பு. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தேன், ரைலி. கதவு வரைக்கும். எனக்கு வேணும். நான் ரொம்பத் தனியா இருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவர் ஹில்க்காவின் படத்திடம்கூடச் சொன்னதில்லை. படிக்கட்டில் அது பெரிதாக எதிரொலித்தது. நாலாம் மாடியில் யாரோ கதவுச் சங்கிலியைத் தொட்ட சத்தம் கேட்டு, நின்றது.

ரைலி அவரையே பார்த்தார். எதுவும் விளங்காதபோது நர்ஸுகள் நாடி பார்ப்பார்கள். அவர் கை அதற்காகவே கொஞ்சம் உயர்ந்து இறங்கியது.

"சைக்கிள் ஸ்டாண்டுக்குச் சொல்லியாச்சே," என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை. "திங்கக்கிழமை பேசிப் பார்க்கறேன். இப்ப உள்ள வாங்க, ஈரத்தோட நிக்காதீங்க. காபி போடறேன்."

"இன்னொரு நாள் வர்றேன், ரைலி," என்றார் தார்மோ, துண்டை இறுக்கிக்கொண்டு. "கீழ எனக்காக ரெண்டு பேர் காத்துட்டிருக்காங்க."