மணல்மேட்டில் மறைந்த வீடு

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காற்றிரைச்சலில் பாதிக் கதை பறந்துவிடும். ஒரு வீட்டின் கதை சொல்லப்போகிறேன். மனசு கனத்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருவாரூருக்குக் கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மீனவர் குப்பம். தாழம்புதரும் ஒற்றைப் பனையுமாக ஒரு மணல்மேடு. அதன்மேல் சாமிதுரையின் பழைய வீடு சுண்ணாம்பு வெள்ளையில் நின்றது. மகள் சுடர்விழி கட்டடக்கலை படித்தவள். அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் மேட்டோடு மேடாகத் தணிவாக ஒன்று கட்டினாள். சுவர் மணல் நிறம். கூரைமேல் கடற்கரை மணலில் படரும் அடம்புக்கொடி.

"வீட்டக் காணோமேடி! நண்டு வளை மாதிரில்ல இருக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு எல்லையம்மாள்.

"இந்த மேட்டுல எப்படிக் குடியிருக்கணும்னு நண்டுக்குத்தான் அத்தை தெரியும்."

புது வீட்டிலிருந்து முதல்முறை கடலுக்குப் போய்த் திரும்பிய சாமிதுரை, "அங்கேர்ந்து பாத்தேம்மா. வீடு இருக்கற எடமே தெரியல" என்றார்.

"நெசமாவாப்பா? அதுக்குத்தானே இவ்ளோ பாடுபட்டேன்!"

அவள் குதித்த குதியைப் பார்த்து, சொல்ல வந்ததை அவர் விழுங்கிவிட்டார்.

முகத்துவாரத்தில் அலைக்கடியில் மணல்திட்டு. படகு நுழைய ஒரே ஓர் இடைவெளி. பழைய வீட்டின் வெள்ளைச் சுவரும் அதன் பின்னால் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒரே நேராகத் தெரிந்தால் நுழையலாம்; அதுதான் படகுகளுக்கு அடையாளம். போனில் வரும் வரைபடம் ஊர்வரை கொண்டுவரும். அந்த இடைவெளியைக் காட்டாது.

கூரையில் ஒரு சிவப்புக் கொடியாவது அடையாளமாகக் கட்டச் சொல்லி மற்ற மீனவர்கள் சாமிதுரையிடம் கேட்டார்கள்.

"எம் மவ பாத்துப் பாத்துக் கட்டுனது. கந்தலக் கட்டி அசிங்கப்படுத்தச் சொல்றீங்களா? நாப்பது வருசமா வர்றேன், எனக்கா வழி தெரியாது?"

அவர்கள் தெற்கே வேறு துறையில் கரையேறத் தொடங்கினார்கள். அவர் மட்டும் பழைய வழியே வந்தார்.

கார்த்திகையில் ஒரு காலை, தூறல். அப்பாவின் படகைப் பார்த்துச் சுடர்விழி வாசலிலிருந்து கையசைத்தாள். படகு இரண்டு முறை கிட்டே வந்து வந்து விலகியது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். மூன்றாம் முறை திட்டில் மோதிக் கவிழ்ந்தது.

படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த அன்றுதான் எல்லையம்மாள், வெள்ளைச் சுவர் படகுக்கு அடையாளமாக இருந்ததையும், சிவப்புக் கொடி கட்ட அவர் மறுத்ததையும் சொன்னாள். மறுநாள் சுடர்விழி அடம்புக்கொடியை அறுத்தெறிந்தாள். சுண்ணாம்பு கரைத்துக் கூரையிலிருந்து அடிவரை வெள்ளையடித்தாள். இன்றும் மாதாமாதம் அமாவாசைக்கு அடிக்கிறாள். கடலில் வெகுதூரத்துக்குத் தெரிகிறதாம். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடைவெளியும் தூர்ந்துவிட்டது. அவ்வழியே இப்போது ஒரு படகும் வருவதில்லை.

போய்வாருங்கள், தங்கங்களா. உங்கள் வீட்டைவிட்டுப் போனவர்களெல்லாம் வாசல் கண்டு திரும்பட்டும். உங்களிடம் சொல்ல வந்ததை யாரும் விழுங்காதிருக்கட்டும்.