சுக்கான் தட்டும் வரை

கூலி வாங்காமல் பள்ளிக்கூடம் கட்டித்தர வந்த காலேஜ் பிள்ளைகள் மூன்று நாளில் மூன்றடி அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். நாளைக்கு கான்கிரீட் என்றார்கள். ஊர்க்காரி சுடலைச்செல்வி குழியை எட்டிப் பார்த்தாள். கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடையில் பிளக்கும். அவள் வீட்டுச் சுவரிலேயே கை நுழையும் வெடிப்பு. அடியில் கிடக்கும் சுக்கான் பாறைவரை தோண்டாமல் இங்கே எதுவும் நிற்காது. ஆனால் சொல்லி, இவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? மகளுக்குத் தினமும் நாகலாபுரம் பள்ளிக்கூடம்வரை நடைதான்.

கடைசியில் சொல்லிவிட்டாள். “கோவிச்சுக்கிடாதீங்க. இந்தக் குழி காணாது. சுக்கான் தட்டுற வரைக்கும் போவணும்.”

குழிக்குள் நின்ற காலேஜ் பிள்ளை ஆஸ்லின் கொப்புளம் வெடித்த கையை விரித்துக் காட்டினாள். “மூணு நாளா பாத்துக்கிட்டுதானக்கா இருந்தீங்க?”

“சும்மா செய்ய வந்தவியள எப்படிக் குறை சொல்ல?”

“நல்ல மரியாதைதான்க்கா! பள்ளிக்கூடம் விழுந்த பொறவு சொல்லலாம்னு இருந்தீங்களாக்கும்?”

ஆஸ்லின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடப்பாறையை எடுத்தாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே இறங்கினார்கள்.

செல்விக்கு வாயால் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. வீட்டுக்கு ஓடித் தன் மண்வெட்டியை எடுத்து வந்தாள். ஆஸ்லினை மேலே ஏற்றிவிட்டு அவள் இடத்தில் இறங்கினாள். சாயங்காலம் கடப்பாறை சுக்கானில் ‘ணங்’கென்று இடித்தது.