பொருள் எண் முப்பத்தெட்டுக்குத் தூக்கிய கை

பொருள் எண் முப்பத்தெட்டுக்கு ஆதரவாக வார்டு உறுப்பினர் வடிவு தூக்கிய வலது கை, அந்தப் பொருள் நிறைவேறிய பிறகும் கீழே இறங்கவில்லை. அன்று ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய், மணி பகல் பன்னிரண்டே கால், மன்றக் கூடத்தின் ஒன்பது மின்விசிறிகளில் ஆறு ஓடிக்கொண்டிருந்தன. காஞ்சிபுரம் நகர மன்றத்தில் அப்போது முப்பத்தொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு அறுபது எழுபது பக்கத்தில் ஒரு அஜெண்டா. அதைப் படித்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. மன்றப் பிரிவு எழுத்தர் சபாபதி எண்ணை மட்டும் சொல்வார், தலைவர் வேலாயுதம் "ஆதரவு?" என்பார், கைகள் எழும், விழும், அடுத்த எண் வந்துவிடும். சபாபதி நெசவு வீட்டுப் பிள்ளை. தறியில் நாடா போய்த் திரும்புகிற கணக்கு அவர் நாக்கில் இருந்தது. தட்டில் வந்த வடை ஆறுவதற்குள் இரண்டு சாலையும் ஒரு தெருவிளக்கு டெண்டரும் ஒரு கழிப்பறைக் கட்டடமும் நிறைவேறிவிடும். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று முப்பது கைகள் விழுந்தன, ஒன்று நின்றது. "இறக்கும்மா, பாஸாயிடுச்சு" என்றார் தலைவர். "இறங்க மாட்டேங்குது சார்" என்றாள் வடிவு. கூடம் சிரித்தது. பக்கத்து இருக்கை அம்சவேணி விளையாட்டாக அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பிறகு வாட்டசாட்டமான ஒரு ஆண் உறுப்பினர் மணிக்கட்டைப் பற்றித் தொங்கியே பார்த்தார். அவர் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின, கை அசையவில்லை. அதோடு சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து கூடத்தை விட்டே போய்விட்டார். வடிவுக்கு வலி எதுவும் இல்லை. தன் தோளிலிருந்து கிளம்பி வேறு யாருக்கோ சொந்தமாகிவிட்ட அந்தக் கையை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். எலும்பு, நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாமே ஒழுங்காக இருந்தன. டாக்டர் சீட்டில் ஒன்றும் எழுதாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மாலையில் சபாபதி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூடத்தில் அவள் விட்டுப்போன கைப்பையும் அஜெண்டாவும் அவரிடம் இருந்தன. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வடிவு, "சார், நான் எதுக்குத்தான் கைய தூக்குனேன்?" என்று கேட்டாள். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு உறுப்பினர் அவரிடம் இப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. பக்கத்தைத் தேடி எடுக்க அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. புல எண் இருநூற்றுப் பதினாலு பை மூன்று, வாய்க்கால் கரையைப் பலப்படுத்துவது, கரைமேல் உள்ள நாற்பத்திரண்டு வீடுகளை அகற்றுவது, குடியிருப்போருக்குத் தாமல் ஏரிக்கு அந்தப் பக்கம் மாற்று இடம் தருவது என்று வாசித்தார். "அது எங்க வருது சார்?" என்றாள். சபாபதி பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "உங்க வார்டுதாம்மா. வாய்க்கால்மேடு" என்றார்.

வாய்க்கால்மேட்டில்தான் வடிவு பிறந்தாள். தங்கை நதியா இன்றும் அங்கேதான் குடியிருக்கிறாள். பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் முடிந்து கொடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் இளங்கோவனோடு இரண்டு தெரு தள்ளித் தன்பாட்டுக்கு இருந்த வடிவை, வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் தேடிவந்து நிற்கச் சொன்னவர்கள் அந்த நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள், பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர்கள், ஏனாத்தூர் காலேஜ் கேண்டீனில் சமைக்கிறவர்கள். எல்லோருக்கும் பிழைப்பு இந்த ஊரோடு கட்டியது, தாமலிலிருந்து தினம் வந்துபோய்க் கட்டுப்படியாகாது. அத்தனை வீட்டையும் அரை வடை தின்கிற நேரத்தில் அவள் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த கையோ டியூப்லைட்டுக்குக் கீழே இன்னும் சரி, சரி என்று நின்றுகொண்டிருந்தது. சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த இளங்கோவன் பேசியது எதுவும் அன்று அவள் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் நதியா வடிவின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்று அக்காளின் கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இன்னும் எதுக்குக்கா தூக்கிக்கினே இருக்குற? அதான் குடுத்துட்டியே" என்றாள். அதன் பிறகு ஏழு மாதம் அவள் அக்காளோடு பேசவில்லை.

அந்த ஏழு மாதத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார், நதியாவின் புருஷன் ஜோசுவா போகும் சபையின் பாஸ்டர் எண்ணெய் தடவி ஜெபித்தார். கை இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்து அப்படியே இருந்தது. தையல்காரர் ரவிக்கையைத் தோள்பட்டையில் பிரித்துக் கொக்கி வைத்துத் தைத்தார். கதவு நிலையில் இடிக்காமல் குனிந்து போக அவள் பழகினாள். அவள் சாலையோரம் நின்றால் எல்லா பஸ்ஸும் நின்றன. ஆந்திராவிலிருந்து வந்த யாத்திரைக்காரர்கள் தவம் செய்யும் அம்மணி என்று எண்ணி நடுத்தெருவில் அவள் காலில் விழுந்தார்கள். ஊர் மட்டும் சீக்கிரமே தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. உலகளக்கக் காலைத் தூக்கிய பெருமாள் இன்றுவரை இறக்காமல் நிற்கிற ஊர் இது. அதை நாளும் கும்பிடுகிறவர்களுக்கு ஒரு கை பெரிய சங்கதியா என்ன? சாப்பாடுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. பீச்சாங்கையால் சோறு அள்ளுவதை யாரும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள். குஞ்சம் முடியவும் அந்தக் கையையே பழக்கினாள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு முந்தானை முடிக்க மூன்று நாள் ஆனது. முன்பு அது ஒரு காலை வேலை.

ஆவணிக் கூட்டம் முதல் மன்றத்தில் அந்தக் கை எல்லாவற்றுக்கும் ஆதரவாக எண்ணப்பட்டது. எதிரணி எழுந்து கத்தியது. கை மேலே இருந்தால் ஆதரவு, எதற்காகத் தூக்கினார் என்று கேட்க விதியில் இடமில்லை என்று நகராட்சி ஆணையர் தீர்த்துவைத்தார். தலைவருக்கு வாயெல்லாம் பல். வடிவு "எனக்கு இதுல சம்மதம் இல்ல சார்" என்று வாயால் சொல்லச் சொல்ல, அவள் கை நூற்றுப் பதினான்கு தீர்மானங்களை நிறைவேற்றியது. அவள் தெருவுக்கே வேண்டாத செல்போன் கோபுரமும் அதில் ஒன்று. கார்த்திகையில் வாய்க்கால்மேட்டுக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பங்குனி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது.

நிறைவேறிய தீர்மானத்தை ஆறு மாதம் தொடக்கூடாது. அதுவரை வடிவு வீடு வீடாகப் போனாள். முப்பது உறுப்பினர்களின் வாசலிலும் கையைத் தூக்கியபடி நின்றாள். சிலர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், பலர் கையைப் பார்த்து அரண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "நானும் படிக்காமதான் தூக்கினேன், என் கை மட்டும் எப்படிம்மா இறங்குச்சு?" என்று கேட்டுவிட்டு ஒருவர் விக்கி விக்கி அழுதார். கடைசியில் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். அவளோடு பதினாறு. முப்பத்தொன்றில் பதினாறு போதும். முப்பத்தெட்டை ரத்து செய்யும் பொருள் மாசி மாதக் கூட்டத்துக்கு வந்தது.

அன்று பார்வையாளர் பெஞ்சுகளில் வாய்க்கால்மேடு முழுக்க உட்கார்ந்திருந்தது. நதியா கடைசி வரிசையில் இருந்தாள். சபாபதி என்றுமில்லாத வழக்கமாகப் பொருளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மூச்சுவாங்க வாசித்தார். ஆதரவு கேட்டதும் பதினைந்து கைகள் எழுந்து, ஏற்கெனவே நின்ற கையோடு சேர்ந்தன. "பதினாறு" என்றார் சபாபதி.

"பதினஞ்சு" என்றார் தலைவர். "அந்தம்மா கை முப்பத்தெட்டுக்குத் தூக்கினதுபா. அதே கைய காட்டி அதையே எப்படி ரத்து பண்றது?"

நூற்றுப் பதினாலு தடவை எண்ணினீர்களே என்று அம்சவேணி எழுந்து நின்று கேட்டாள். அதெல்லாம் வேறு என்றார் தலைவர். எல்லோரும் ஆணையரைப் பார்த்தார்கள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டாமலேயே, பொருள் வாசித்த பிறகு புதிதாகத் தூக்கும் கைதான் செல்லும் என்றார். போன ஆவணியில் இதே வாய் சொன்னது அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. கேட்டவர்களுக்குத்தான் வயிறு எரிந்தது.

வடிவு தன் இடது கையைப் பார்த்தாள். அந்தக் கை இப்போது தலை வாரும், சேலை கொசுவும், குஞ்சம் முடியும். அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவள் என்ன நினைக்கிறாள் என்று கூடம் மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பார்வையாளர் பக்கத்திலிருந்து இளங்கோவன் எழுந்து, "வாணாம் வடிவு. இத்த வுட்டுடு" என்றான். வடிவுக்குப் பயமாக இருந்தது.

"முப்பத்தெட்ட கேக்காம தூக்கினேன்" என்றாள் அவள். "இத முழுசா கேட்டுட்டு தூக்குறேன். எண்ணிக்குங்க சார்."

இடது கை எழுந்தது. சபாபதி எண்ணினார். பதினாறுக்குப் பதினைந்து, முப்பத்தெட்டு ரத்து. பதினைந்து கைகள் கீழே விழுந்தன. வடிவின் வலது கையாவது இனி இறங்கும், நியாயம் என்று ஒன்று இருந்தால் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று கூடம் அண்ணாந்து பார்த்தது. அது இறங்கவில்லை, இடது கையும் இறங்கவில்லை. ஜெயித்த பக்கத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. தலைவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்காமலே கீழே வைத்தார். சபாபதி அடுத்த எண்ணைச் சொல்லாமல் அஜெண்டாவை மடித்து வைத்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

பிறகு எல்லாமே ஒழுங்குக்கு வந்தன. உறுப்பினர் வடிவின் வாக்கு இனித் தலையசைப்பைக் கொண்டு எண்ணப்படும் என்று தனித் தீர்மானம் போட்டார்கள். தலையை ஆட்டினால் ஆதரவு, இல்லையென்றால் எதிர்ப்பு. ஒவ்வொரு பொருளையும் சபாபதி முழுசாக வாசிக்கிறார், உறுப்பினர்கள் கையை மேசைக்கடியில் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்கிறார்கள். கூட்டம் முடிய மாலை ஐந்து மணி ஆகிறது.

ரத்தான மறுநாள் காலை, விடிந்ததும் நதியா வந்தாள். மன்னிப்பு, வருத்தம் என்று எதுவும் பேசவில்லை. அக்காளை உட்காரவைத்துத் தலை வாரினாள், முகம் துடைத்துப் பொட்டு வைத்தாள். சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, "வாயத் தொற" என்றாள். வாயைத் திறந்த வடிவு அழுதுவிட்டாள். "முழுங்கிட்டு அழுக்கா, பொர ஏறிக்கும்" என்றாள் நதியா. மறுநாள் அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்தார்கள், அதற்கு மறுநாள் அதற்கு அடுத்த வீடு. யாரும் கூடிப் பேசி வைத்த முறை இல்லை. இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. நாற்பத்திரண்டு நாளில் தெரு ஒரு சுற்று முடியும். நாற்பத்து மூன்றாவது நாள் காலையில் மறுபடி நதியா வருவாள்.