அம்மனுக்குப் போன நோட்டீஸ்

ஆட்டையாம்பட்டி பக்கம் ஆற்றுப் பாலத்துக்கு நான்கு முறை டெண்டர் விட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர்தான் போட்டார். ஒற்றை டெண்டரை ஏற்கக் கூடாது என்பது விதி. ஐந்தாவதும் ஊற்றிக்கொண்டால் பாலத்துக்கான வங்கிக் கடன் ரத்து. டெண்டர் பிரிவைக் கவனிக்கும் ஜெபமலருக்கு, ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில், குற்றக் குறிப்பாணை. பென்ஷன் அம்போ.

பொறுக்க மாட்டாமல், அந்தப் பக்கம் பாலம் கட்டத் தகுதியுள்ள மூன்று காண்ட்ராக்டர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏனுங்க, பாலம் கட்ட உங்களுக்கெல்லாம் கசக்குதா?"

"அப்படியில்லீங்க மேடம்," என்றார் மூத்தவர் கைலாசம். "டெண்டர் போடறதுக்கு முன்னால மாரியம்மன்கிட்டப் பூக் கேப்போமுங்க. பொட்டலத்துல வெள்ளைப் பூ வந்தாத்தான் போடுவோம். ஆத்தா ஒவ்வொருக்காவும் ஒருத்தருக்குத்தானுங்க குடுக்கறா."

இதை அப்படியே அறிக்கையாக எழுதி டெண்டர் மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பினார் ஜெபமலர். அதுதான் அவர் செய்த தப்பு. குழு சிரிக்கவில்லை. போட்டியாளர்களைத் தடுத்ததற்காக அம்மனுக்கே நோட்டீஸ் விட்டது. பதினைந்து நாளில் பதில் வராததால், இரண்டாண்டுக்கு எந்த டெண்டரிலும் தலையிடக் கூடாதென்று தடை. ஆணையைக் கோயில் கதவில் ஒட்டினார்கள். பூசாரி அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

ஐந்தாம் முறை மூன்று பேரும் போட்டார்கள். ஜெபமலருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்றிலும் ஒரே தொகை, பைசா பிசகாமல்.

"கூட்டுச் சதின்னு சொல்லுவாங்களே! என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஆத்தாளைத்தான் தடை பண்ணிட்டீங்களே," என்றார் கைலாசம் பரிதாபமாக. "அதான் உங்க அந்தோணியார் கோயிலுக்குப் போயி, ரேட்டு எழுதிச் சீட்டுப் போட்டு எடுத்தமுங்க. அவரு ஒரு ரேட்டு சொன்னதுக்கப்புறம் கூட்டியும் குறைச்சும் நாம எப்படிங்க போடறது?"

மறுவாரமே குழுவின் நோட்டீஸ் வந்தது. அந்தோணியார் பதினைந்து நாளில் எழுத்துமூலம் விளக்கம் தராவிட்டால் டெண்டர் ரத்து. அதை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியவர் ஜெபமலர்.

பதினான்காம் நாள் பீடத்தின் முன் முழங்காலிட்டார். ஐம்பது வருஷமாக அங்கே எதை எதையோ கேட்டிருக்கிறார். இன்று நோட்டீஸை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அற்புதமெல்லாம் வேண்டாம் சாமி," என்று தேம்பினார். "ரெண்டே வரி பதில் எழுதிக் குடுத்துருங்க."